அம்புக்குறிக்கு எதிர்த்திசையில்

பாய்,

போன செவ்வாய்க்கிழமை ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பொத்தேரி தாண்டியதும் பஸ் நகரவே இல்லை. ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. துருப்பிடித்த தண்ணீர் கொதிக்கும் வாசனை. கூடவே சூடேறிய ரப்பர் குழாய், கொஞ்சம் எண்ணெய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மூக்கை வெளியே நீட்டினேன்.

சாலையோரத்தில் ஒரு பழைய வேன் ஆவி விட்டபடி நின்றிருந்தது. டிரைவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். "தொடாதடா, மூஞ்சி வெந்துடும்!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்தே கத்தினேன். அவன் காதில் விழுந்ததோ என்னவோ, கையை எடுத்துவிட்டான். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா பெருசு, உன் வண்டியா அது?" என்றார் கண்டக்டர். இல்லை என்றேன். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? அந்த வாசனை எனக்கு எந்தச் சாலையை, எந்த நாளை நினைவுபடுத்துகிறது என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ போய் நான்கு மாதமாகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேசவும் முடியாது. அது ஒரு வசதி.

எழுபதுகளில் நமக்கு முப்பது வயதுதான். செங்கல்பட்டு பஜாரில், மசூதித் தெரு திரும்பும் இடத்தில் உன் பழைய சாமான் கடை. ஸ்டேஷன் பக்கம், லாரி ஷெட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் என் பட்டறை. நான் யாரிடமும் வேலை கற்றவன் இல்லை. ஏலத்தில் வந்த ஒரு ஜீப் எஞ்சினைப் பிரித்தும் மாட்டியும், மாட்டியதை மறுபடி பிரித்தும் தெரிந்துகொண்டவன். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சொந்தச் சம்பாத்தியம் என்ற திமிர் உண்டு. இப்போதும் உண்டு. கற்றுக்கொடுத்தவர் இல்லாதவனுக்கு ஒரு குறை இருக்கிறது, பாய். அவன் தப்பு செய்யும்போது காதைத் திருக ஆள் இருக்காது. நீ திருகியிருக்கலாம். நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை.

உன் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமான் வந்தாலும் தகர டப்பாவை வெட்டி ஒரு வில்லை செய்வாய். அது எந்த வருடத்து வண்டியின் சாமான் என்று ஆணியால் அதில் கீறி, கம்பியால் கட்டித் தொங்கவிடுவாய். கடைக்குள் காற்று அடித்தால் அத்தனை வில்லைகளும் கலகலவென்று ஆடும். ஊரில் வேறு எந்தப் பழைய சாமான் கடைக்காரனும் இந்த வேலையைச் செய்யவில்லை. ஏன் இந்த வெட்டி வேலை என்று நான் கேட்டதற்கு, "சாமானுக்கும் வயசு கீது மேஸ்திரி. வயசு கேக்காம ஜோடி சேத்து வெச்சா குடும்பம் நடக்காது" என்றாய். நான் சிரித்தேன். நான் ஜோடி சேர்த்துக் குடும்பம் நடத்திக் காட்டிய எஞ்சின்கள் அந்த ஊரில் எத்தனையோ ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அந்தக் கார் வந்தது. உலகச் சண்டைக்கு முந்தைய இங்கிலீஷ் கார். கோவளம் பக்கம் உப்பளக்காரர் ஒருவரின் ஷெட்டில் பல வருடங்களாகக் கிடந்தது. உப்புக்காற்று அதன் கதவுகளை அரித்துவிட்டது. ஆனால் முன்பக்கத்து இரண்டு பெரிய விளக்குகளும் அந்த நீண்ட மூக்கும் அப்படியே இருந்தன. நீ அதை வாங்கிக்கொண்டு வந்து என் கொட்டகையில் நிறுத்திய அன்று உன் முகத்தைப் பார்த்தேன். சாமான் விற்பவனின் முகம் இல்லை அது.

உன் திட்டம் எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் மாமல்லபுரம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களில் பலர் ரயிலில் வந்து செங்கல்பட்டில் இறங்குவார்கள். தோளில் பையோடு பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பார்கள். கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஓட்டல் ஒன்றின் மேனேஜர் அவர்களை அழைத்துவர ஒரு கார் தேடினார். சாதாரணக் கார் வேண்டாம், பார்த்தால் போட்டோ எடுக்கத் தோன்ற வேண்டும் என்றாராம். வண்டி தேறினால் நிரந்தரமான ஓட்டம். கடையை உன் மச்சானிடம் விட்டுவிட்டு நீயே ஓட்டப் போவதாகச் சொன்னாய். "துரு வாசனை போதும் மேஸ்திரி. இனிமே கொஞ்ச நாள் கடல் காத்து" என்றாய். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நிற்கிற வண்டியிலேயே வாயால் ஹாரன் அடித்தாய். வளர்ந்த ஆள் செய்கிற வேலையா அது?

எஞ்சினைத் தேற்றிவிட்டேன். நெருப்பு கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்தான் தேறவில்லை. அதன் மேல்மூடி வெடித்திருந்தது, தண்டு ஆடியது. நீ சென்னைக்குப் போய் மூன்று நாள் அலைந்தாய். அதே கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று கிடைத்தது, நான்கு வருடம் பிந்தியது. அதற்கு மூடி இல்லை. மூடி கிடைத்தது, அது சண்டைக்குப் பிந்தியது. ஆக எஞ்சின் ஒரு வருடம், டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு வருடம், மூடி இன்னொரு வருடம். மூன்றையும் கல்லா மேசையில் வரிசையாக வைத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாய். துடைத்த கையை நிறுத்தினாய்.

"மேஸ்திரி, இந்த அம்ப பாத்தியா?"

டிஸ்ட்ரிபியூட்டரின் வயிற்றில் நகக்கண் அளவுக்கு ஒரு அம்புக்குறி அடித்திருந்தது. பழையதைத் திருப்பிக் காட்டினாய். அதிலும் ஒன்று இருந்தது, எதிர்ப்பக்கம் பார்த்து.

"பழசு வலது பக்கம் சுத்துறது. இது எடது பக்கம்."

"இருக்கட்டுமே. எஞ்சின்தான அத்த சுத்தப் போவுது? அதுவா எழுந்து சுத்திக்கப் போவுது?"

"கம்பெனிக்காரன் வேலை இல்லாமயா அம்பு போட்டு வெச்சிகினு கீறான்?"

"பிளக் வயர வரிசை மாத்திப் போட்டா ஆச்சு. பாய், நீ சாமான் வில்லு. எஞ்சின நான் பாத்துக்கறேன்."

"சரி நைனா. நீ சொன்னா சரிதான்" என்றாய். அதோடு விட்டுவிட்டாய். இன்னொரு தடவை ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்.

மாட்டினேன். உள்ளே சுற்றுகிற ரோட்டாரின் பித்தளை நாக்கு மூடியில் இடித்தது, அரத்தால் ராவினேன். பிளக் வயர்களை வரிசை மாற்றிப் போட்டேன். தொட்டுப் பிரிந்து நெருப்பை விழ வைக்கும் பிளாட்டினம் முனைகள் இரண்டும் பிரிகிற நொடியைப் பிடிக்க, நடுவில் சிகரெட் பெட்டியின் மெல்லிய காகிதத்தைச் செருகி, எஞ்சினை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். காகிதம் வழுக்கி வந்த இடத்தில் இறுக்கினேன். ஹேண்டிலை இரண்டு தடவை சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எஞ்சின் தலைமேல் ஒரு நாலணாவை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். விழவில்லை. நீ என்னைக் கட்டிப்பிடித்தாய், சட்டை முழுக்க கிரீஸ் ஆனதைக்கூடப் பார்க்காமல்.

"ரோட்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டாய்.

"எதுக்கு பெட்ரோல கொட்டணும்? சத்தமே சொல்லுதே."

பெட்ரோல் விலை ஏறிப்போன காலம் அது. ரிப்பேர் செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதையே பட்டறைக்காரர்கள் நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். நிறுத்தி வைத்தே காதால் கேட்டு, சரி என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அது எங்கள் தொழில் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் காரை ரயில்வே கேட் வரை மெதுவாக ஓட்டித் திருப்பிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் சோதனை.

மேனேஜர் வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ. வருகிற விருந்தாளிகளை எப்படி அழைத்துப் போவதோ அப்படியே தன்னை அழைத்துப் போக வேண்டும் என்றார். ஸ்டேஷனில் ஏறி, உச்சிவேளைக்குத் திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிடுவதைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரை. நீ இஸ்திரி போட்ட சட்டையில் ஓட்டினாய். அவர் பக்கத்தில் அமர்ந்தார். பின்னால் நான், காலடியில் ஒரு தண்ணீர் டப்பாவோடு.

ஏரியைத் தாண்டும்வரை வண்டி ராஜா மாதிரிதான் போனது. மாட்டு வண்டிகள் எதிரே வந்ததால் மெதுவாகப் போனாய். காடு ஆரம்பிக்கும் இடத்தில் சாலை காலியானது. நீ மிதித்தாய். வண்டி கேட்கவில்லை. இன்னும் மிதித்தாய், இன்னும் தளர்ந்தது. மிதிக்க மிதிக்க முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும் மாடு மாதிரி. பின் சீட்டில் எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது.

நிறுத்தச் சொன்னேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினேன். மறுபடி கிளம்பினோம். ஒரு மேடு ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து, பானெட் இடுக்கெல்லாம் ஆவி. இறங்கி நின்றோம். தூரத்தில் மலை தெரிந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கழுகுங்க கரெக்ட் டைமுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கும். ரெண்டு பறவைக்கு இருக்கற பங்ச்சுவாலிட்டி உங்க காருக்கு இல்லியே."

நீ பானெட்டுக்குள் குனிந்தாய். நானும் குனிந்தேன். உன் விரல் நேராக டிஸ்ட்ரிபியூட்டரின் அம்புக்குறிமேல் போய் நின்றது. ஒரு தடவை அதைத் தடவினாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் "வெயிலு" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனங்களில் அந்த ஒரு சொல்லை மட்டும் மறக்க முடியவில்லை, பாய்.

"சரி, யார் தப்பு இது?" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ நிமிர்ந்தாய்.

"என் தப்பு சார். சாமான் என் கடைது. பழசு, தேஞ்சி பூட்ச்சி. மேஸ்திரி வேலைல ஒரு குறையும் கெடையாது. அவரு வாணாம்னுதான் சொன்னாரு. நான்தான் அவசரத்துல போடச் சொன்னேன்."

"உங்க சொந்த வண்டிக்கே நல்ல சாமான் போட மாட்டீங்களா? அப்ப என் கெஸ்ட்டுங்கள எப்படி நம்பி ஏத்தறது?"

நீ தலை குனிந்து நின்றாய். கடற்கரைப் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்தது. அவர் கை காட்டி நிறுத்தினார். படியில் கால் வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மெக்கானிக், நீங்க ஓட்டலுக்கு வாங்க. எங்க வேனு, ஜெனரேட்டரு எல்லாம் பாக்கறதுக்கு ஆள் வேணும்" என்றார்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை? அந்த நிமிடத்தில் நீ சொன்னதை நானும் நம்பினேன். சாமான் தேய்ந்ததுதான், என் வேலை சுத்தம் என்று நம்பினேன். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றித் திரும்பினோம். மெதுவாக ஓட்டினாய். மெதுவாக ஓட்டினால் அந்த வண்டி பூனைக்குட்டி மாதிரி போனது, ஒரு குறையும் இல்லாமல்.

மூன்றாம் நாள்தான் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். எங்கே தேய்ந்திருக்கிறது என்று உனக்குக் காட்டத்தான் கழற்றினேன். தேய்மானம் எங்கேயும் இல்லை. உள்ளே தட்டுக்கு அடியில் இரண்டு சின்ன இரும்பு எடைகள், ஸ்பிரிங்கில் கோத்தவை. எஞ்சின் வேகமெடுத்தால் அவை விரியும். விரிந்து, பிளாட்டினத்தைப் பிரிக்கிற கேம் என்ற முட்டுச்சக்கரத்தைத் தள்ளி, நெருப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே விழ வைக்கும். வேகமாகப் போகிற எஞ்சினுக்கு நெருப்பு முந்தி வர வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அவற்றை விரலால் விரித்துப் பார்த்தேன். கேம் இடது பக்கம் நகர்ந்தது. நம் எஞ்சினோ அதை வலது பக்கம் சுற்றுகிறது. அப்படியானால் வேகம் கூடக் கூட நெருப்பு முந்தாது, பிந்தும். பிந்தினால் இழுவை போகும், எஞ்சின் வேகும், தண்ணீர் கொதிக்கும். நிற்கிற வண்டியிலும் ஊர்கிற வண்டியிலும் எடைகள் விரிவதே இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது. நாலணாவும் விழாது.

பிளக் வயரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். வயர் மாறினால் வரிசைதான் மாறும். எடைகளிடம் யார் சொல்வது?

உன் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகளையும் கேமையும் எடுத்துப் புதியதின் உடம்பில் பொருத்தினேன். ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு தனியாக அதே சாலையில் போய், அதே மேட்டில் மிதித்தேன். பறந்தது. அந்த மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டு, முதல் முறையாக, உன் விரல் எங்கே போய் நின்றது என்பதை நினைத்துப் பார்த்தேன்.

நேராக உன் கடைக்கு வந்தேன். நீ ஒரு தகரத்தை வெட்டிக்கொண்டிருந்தாய்.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சிய உர்ருனு வெச்சிகினு வர? வூட்ல சண்டையா?"

"தெரிஞ்சேதான சொன்ன?"

"இன்னாத்த?"

"சாமான் மேல தப்பு இல்ல. அம்பு மேலயும் தப்பு இல்ல. என் தப்பு. உனக்கு அங்கயே தெரியும்."

கத்தரியைக் கீழே வைத்தாய். "தெரிஞ்சா இன்னா இப்போ?"

"ஏன் பொய் சொன்ன?"

"மெதுவா பேசு, மச்சான் உள்ள கீறான். நான் உம்மைய சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? எனக்கும் ஓட்டம் கெடச்சிருக்காது, உனக்கும் வேலை கெடச்சிருக்காது. எனக்குக் கடை கீது. உனக்கு இன்னா கீது? ரெண்டு ஸ்பேனரும் ஒரு வாயும்தான் கீது."

"என்ன கேட்டியா நீ? கேட்டுட்டு சொன்னியா?"

"ஆமா, ஆவி அடிச்சிகினு கீது, அந்தாளு கட்யாரத்த பாத்துகினு கீறான், நான் உன்ன ஓரமா கூட்டிகினு போயி கேக்கணுமா? போப்பா. போயி ஓட்டல் வேனப் பாரு. நாஸ்தா துன்னியா?"

நாஸ்தா வேண்டாம் என்று வந்துவிட்டேன். பதினைந்து நாள் உன் கடைப்பக்கம் வரவில்லை. உனக்கு அது புரியவே இல்லை என்று நினைக்கிறேன். ஒருவன் பிச்சை போட்டால் வாங்காமல் போகலாம். தப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன செய்வது? யாரையும் கேட்டுக் கற்காதவனுக்குச் சொந்தம் என்று இருப்பது அவன் செய்த வேலை மட்டும்தான். நல்ல வேலை என்னுடையது என்றால் கெட்ட வேலையும் என்னுடையதுதான். அதில் பாதியை நீ எடுத்துக்கொண்டு போனாய். எந்த உரிமையில்?

அடுத்த வாரம் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். ஓட்டல் கேட் வரை போனேன். கூர்க்கா உள்ளே விட்டான். மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றேன். "வேன் பின்னாடி நிக்குது" என்றார். நான் போய் வேனைப் பார்த்தேன். மாலைவரை பார்த்தேன். கை கழுவிக்கொண்டு வரும்போது நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினோரு வருடம் அந்த ஓட்டலில் வேலை பார்த்தேன், பாய். என் மகளின் படிப்பு, என் வீட்டின் ஓடு, எல்லாம் அதில் வந்தவை. அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. நீ என்னை உண்மை சொல்ல முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய் என்று உன்மேல் பழி போட்டுக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது.

உன் கதை என்ன ஆனது? மேனேஜர் வாயிலிருந்து அந்தப் பேச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து லாரி ஷெட்டுக்கு வந்தது. சாமான் வாங்க வருகிற டிரைவர்கள், "பாய், இது எங்களுக்குக் குடுக்கறதா, உன் சொந்தக் காருக்குப் போட்டியே அந்த மாதிரியா?" என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். "உனக்கு நல்லதாதான் தரேன் அண்ணாத்த, எனக்குத்தான் ராசி இல்ல" என்பாய். நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். வருடம் கீறின வில்லை கட்டி, வயதும் திசையும் பார்த்துச் சாமான் விற்ற ஒரே ஆள் நீ. அந்தப் பெயரைத்தான் எனக்காகக் கெடுத்துக்கொண்டாய். நான் ஒரு ஸ்பேனரை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருப்பேன், வாங்கப் போகிறவன் மாதிரி.

காரைச் சென்னைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாய். கொடுக்கும்போது அது நூறு மைல் நிற்காமல் ஓடக்கூடிய வண்டி. ஆனால் மேனேஜர் வேறு கார் பிடித்துவிட்டார். நீ கடல் காற்றுக்குப் போகவில்லை. கடையிலேயே இருந்தாய், முடி நரைத்து, கண்ணாடி போட்டு, தகரம் வெட்டிக்கொண்டு. அந்த நாளைப் பற்றி நான் பேச்செடுத்தால், "பேஜாரு பண்ணாத மேஸ்திரி, டீ சொல்லு" என்று முடித்துவிடுவாய். எத்தனை டீ குடித்திருப்போம், அந்தப் பேச்சை முடிப்பதற்காக.

உன்னை அடக்கம் செய்த அன்று நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உன் மூத்த மகன் நேரில் வந்து அழைத்தான். போனேன். ஓதி முடித்து, பிரியாணி வைத்தார்கள். உன் மச்சான், அந்த நாளில் கடையின் உள்ளே இருந்தவர், பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். "மனுசன் தங்கம். ஆனா அந்தக் கார் வெசயத்துல கோட்ட வுட்டாரு பாரு, சொந்த வண்டிக்கே டூப்ளிகேட் சாமான்!" என்றார். எல்லோரும் பிரியமாகச் சிரித்தார்கள். உன் மகனும் சிரித்தான்.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். உன் வீட்டிலும் அதையே சொல்லி வைத்திருக்கிறாய். உன் பிள்ளைகளிடம்கூட மாற்றிச் சொல்லவில்லை.

"அது டூப்ளிகேட் இல்ல. சாமான்ல ஒரு குறையும் இல்ல. நான் தப்பா மாட்டினேன். அவரு அம்புக்குறியக் காட்டி வாணாம்னு சொன்னாரு, நான்தான் கேக்கல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தா மேல உங்களுக்கு எவ்ளோ பாசம் மாமா" என்றான்.

"பாசம் இல்லடா. நடந்தது இது."

தட்டிலிருந்த பேரீச்சம்பழம் இரண்டை எடுத்து டம்ளரின் இரு பக்கமும் வைத்து, எடைகள் எப்படி விரியும், திசை மாறினால் நெருப்பு எப்படிப் பிந்தும் என்று சுற்றிக் காட்டினேன். டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் பாயில் கொட்டியது. யாரோ துணி கொண்டுவந்து துடைத்தார்கள். உன் மச்சான், "உடு மேஸ்திரி, போன மனுசன் பேரு நல்லா இருக்கட்டும்னு நெனக்கற. நல்ல மனசு உனக்கு" என்றார். உள்ளே கதவோரம் நின்ற உன் வீட்டம்மா, "அவரே எங்கிட்ட சொன்னாருண்ணே, சாமான்தான் கெட்டதுன்னு. நீங்க எதுக்கு அத்த உங்க தலைல போட்டுக்கறீங்க? சாப்புடுங்க" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னார்.

பார்த்தாயா? நீ நடுரோட்டில் நின்று நாலு வார்த்தையில் சொன்ன பொய்யை ஊரே நம்பியது. நான் உன் வீட்டில் உட்கார்ந்து, படம் போடாத குறையாகச் சொன்ன உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை. இரங்கல் சொல்ல வந்த கிழவனின் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். உன் பொய் அப்படிச் செய்தது. அதைச் சொன்னபோது இப்படி ஆகும் என்று உனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாய்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இத்தனை எழுதினேன் என்று நினைத்துவிடாதே. சொல்ல மாட்டேன். அது என் தப்பு, நான் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த மேனேஜர் மேசைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது நீ இல்லை, நான். உன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதிக்குமேல் என்மேல் வைத்திருக்க வேண்டியது. இந்த வயதில் அதை இடம் மாற்றி வைக்கிறேன். கனம் குறையவில்லை. சரியான தோளில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று உன் மூத்த மகனின் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தான். ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி மாமா, நீங்க சொன்னா சரி" என்றான், உன் குரலிலேயே. நம்பவில்லை என்று தெரிந்தது. திங்கட்கிழமை மறுபடி போவேன். இப்போது எனக்குப் பட்டறை இல்லை, வேலை இல்லை. நேரம் நிறைய இருக்கிறது, பாய். அவன் நம்புகிறவரை போவேன்.